ஆர்த்தடாக்ஸ் தேயிலையும் கிரிப்டோவும்: ஒரு வருடத்தில் எந்த வெளிநாட்டு மொழி?

#1 சோலைக்காடு (கோத்தகிரி)
தினமும் ஒன்றரை மணி நேரம், ஒரு வருஷம். கையில இருக்கிறது இவ்வளவுதான். ஒரே ஒரு மொழி படிக்கணும், அது ரெண்டு வேலைக்கு உதவணும். ஒண்ணு, சின்ன ஆர்த்தடாக்ஸ் யூனிட்டுல (இலையை உருட்டிச் செய்யிற முறை) வர்ற தேயிலையை நடுவுல ஆள் இல்லாம வெளிநாட்டுக்கு விக்கிறது. ரெண்டாவது கிரிப்டோ. டிரேடிங் இல்லை. அந்தக் கம்பெனிகளுக்கு மொழிபெயர்ப்பு, கஸ்டமர் சப்போர்ட் மாதிரி வேலை. மனசுல இருக்கிறது சீனம், ஜப்பானியம், ரஷ்யன், ஜெர்மன், ஸ்பானிஷ். ஆங்கிலம் படிச்சா புரியும், பேச்சு தடுமாறும். எதை எடுக்கலாம்?

#2 லாட்_நம்பர் (குன்னூர்)
மொழியை எடுத்து வச்சுக்கிட்டு ஆளைத் தேடாதீங்க. சரக்கு எந்த ஊருக்குப் போகும்னு முதல்ல பாருங்க.

ரஷ்யா ரொம்ப காலமா நீலகிரித் தேயிலைக்குப் பெரிய சந்தை. ஈரானும் ஈராக்கும் ஆர்த்தடாக்ஸ் எடுக்கிற நாடுகள். ஆனா அதெல்லாம் கன்டெய்னர் கணக்கு. மினி யூனிட்டால அந்த அளவைக் கட்டித் தர முடியாது, விலையும் கட்டாது. ஐம்பது கிலோ, நூறு கிலோன்னு கேக்கிற ஆள் வேணும்னா ஜப்பான், ஜெர்மனி பக்கம் இருக்கிற ஸ்பெஷாலிட்டி கடைகள். டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரை உறைபனி விழுற நாட்கள்ல எடுக்கிற இலைக்கு அங்கே தனி மதிப்பு. ஜப்பான்ல டீ குடிக்கிறவங்களுக்கு டார்ஜிலிங், அஸ்ஸாம், ஊவா வரிசையில 'நீலகிரி'ன்னு சொன்னாலே தெரியும். அந்தப் பேரை நாம சம்பாதிக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே இருக்கு.

ஜெர்மன்காரர் ஆங்கிலத்துலயே மெயில் போடுவார். அங்கே மொழி தடை கிடையாது, ஆய்வக அறிக்கைதான் தடை. ஆந்த்ராகுவினோன் கிலோவுக்கு 0.02 மில்லிகிராம் தாண்டினா ஐரோப்பாவுல சரக்கு இறங்காது. விறகுப் புகை ட்ரையருக்குள்ள கசிஞ்சா அது ஏறும். அங்கத்திய லேப் ரிப்போர்ட்ல 'பெஸ்டிமுங்ஸ்கிரென்ட்ஸே'ன்னு ஒரு கட்டம் இருக்கும், அளவிடக்கூடிய கீழ் வரம்பு. அந்த வார்த்தையையும் அது மாதிரி ஒரு பத்தையும் தெரிஞ்சுக்க ஒரு வருஷம் வேண்டாம், ஒரு மாலை போதும்.

#3 பன்னிரு_சொல் (ஊட்டி)
கிரிப்டோவுக்கு ஒரு மொழி வேணும்னா அது ஆங்கிலம். பிட்காயின் பற்றிய 2008ஆம் ஆண்டின் ஒன்பது பக்க அறிக்கை ஆங்கிலம். சாலிடிட்டி நிரல்மொழியின் சொற்கள் ஆங்கிலம். ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (தானாக நிறைவேறும் நிரல் ஒப்பந்தம்) தணிக்கை அறிக்கைகள் ஆங்கிலம். துபாயின் மெய்நிகர் சொத்து ஆணையம் விதிப்புத்தகங்களை ஆங்கிலத்தில் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கிரிப்டோ சந்தைச் சட்டமான 'மைக்கா' 2024 டிசம்பர் 30 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. ஒன்றியத்தின் எல்லா ஆட்சிமொழிகளிலும் அது உண்டு, ஆங்கிலம் உட்பட.

கஸ்டமர் சப்போர்ட் பற்றிக் கசப்பான உண்மை ஒன்று. பிரேசில், துருக்கி, கொரியா வாடிக்கையாளருக்கு அந்தந்த நாட்டுக்காரரையே வேலைக்கு வைப்பார்கள். ஒரு வருடம் படித்தவரின் ஸ்பானிஷை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள். தமிழும் தெளிவான ஆங்கிலமும் கையில் இருந்தால், தமிழ்ப் பயனருக்கான உதவிப் பக்கங்களை மொழிபெயர்க்கும் வேலை அதைவிடப் பக்கத்தில் இருக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் அரை மணியை ஆங்கிலப் பேச்சுக்கு ஒதுக்குங்கள். மீதி ஒரு மணியைத் தேயிலைக்குக் கொடுங்கள்.

#4 சீகூர்_பள்ளத்தாக்கு
என்ன பேசறீங்க? எதிர்காலமே மாண்டரின்தான். மைனிங் மெஷின்ல இருந்து எல்லாமே அங்கிருந்துதான் வருது.

#5 பன்னிரு_சொல் (ஊட்டி)
மெஷின் வரும், சந்தை வராது. 2017 செப்டம்பரில் சீனா காயின் வெளியீடுகளைத் தடை செய்தது. 2021 செப்டம்பரில் அதன் மத்திய வங்கி மற்ற அமைப்புகளோடு சேர்ந்து கிரிப்டோ வணிகத்தையே சட்டவிரோத நிதிச் செயல் என்று அறிவித்தது. சீன மொழி கிரிப்டோவுக்கு இன்று சட்டப்படி வாசல் ஹாங்காங். 2023 ஜூன் 1 முதல் அங்கே உரிம முறை இருக்கிறது. அங்கே பேச்சு கான்டனீஸ், எழுத்து பழைய வடிவம். மாண்டரினும் எளிய வடிவ எழுத்தும் படித்துவிட்டுப் போனால் பாதி வாசலில் நிற்பீர்கள். அங்கத்திய விதிகளும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன.

#6 லாட்_நம்பர் (குன்னூர்)
சீனாவுல இருந்து நமக்கு வர்றது மினி ரோலர், ட்ரையர், கிரீன் டீக்கு வறுக்கிற டிரம். மேனுவல் சீனத்துல இருந்தாலும் போன் கேமராவைக் காட்டினா மொழிபெயர்த்துடும். மோட்டார் தகட்டுல இருக்கிற எண்ணை மட்டும் நீங்களே படிங்க: அவங்க மூணு பேஸ் 380 வோல்ட், நம்ம லைன் 415. ஆர்டர் போடறப்பவே 415க்கு மோட்டார் கேட்டு வாங்கணும். இல்லேன்னா முழு லோடுல மணிக்கணக்கா ஓடி காயில் சூடேறும். இதுக்காக 2,200 மணி நேரம் மாண்டரின் படிப்பாங்களா?

#7 வேற்றுமை_உருபு (மொழி ஆசிரியர், குன்னூர்)
அந்த 2,200 எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சி நிறுவனத்தின் கணக்கு அது. ஸ்பானிஷ், இத்தாலியன் 600 முதல் 750 வகுப்பு மணி, ஜெர்மன் 900 அளவில், ரஷ்யன் 1,100, சீனம், ஜப்பானியம், கொரியன், அரபு 2,200. சோலைக்காட்டின் வருடம் சுமார் 550 மணி நேரம், தவறாமல் உட்கார்ந்தால்.

ஆனால் அந்தப் பட்டியல் ஆங்கிலம் பேசுபவருக்குப் போட்டது. தமிழருக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜப்பானியத்தில் வினை கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். நம் 'ஐ' அங்கே 'ஓ', நம் 'கு' அங்கே 'நி', 'இருந்து' என்பது 'கரா', 'வரை' என்பது 'மதே', 'என்று சொன்னார்' என்பதில் வரும் 'என்று' அங்கே 'தோ'. ஆங்கிலம் பேசுபவர் ஆறு மாதம் தலைகீழாக நின்று பழகும் வாக்கிய அமைப்பு நமக்கு வீட்டுப் பேச்சு. 'குடித்துப் பாருங்கள்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். குடிப்பது எங்கே, பார்ப்பது எங்கே? ஆங்கிலத்தில் இதைச் சொல்லுக்குச் சொல் போட முடியாது. ஜப்பானியத்தில் முடியும்: குடித்து என்பதற்கு 'நொந்தே', பார் என்பதற்கு 'மிரு'. இரண்டும் சேர்ந்தால் அதே பொருள், முயன்று பார். கொரிய மொழியிலும் இப்படியே வரும். தேயிலை மாதிரி அனுப்புகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள வாக்கியம் இருக்கிறதா?

குறில் நெடிலும் நமக்குப் புதிதல்ல. 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி; ஆங்கிலம் பேசுபவர் இதில் வருடக்கணக்கில் வழுக்குவார். நேரம் முழுவதையும் தின்பது எழுத்து. ஹிரகானா, கதகானா என்று இரண்டு அசை எழுத்து வரிசைகள், அடிப்படை 46 வீதம். அதற்கு மேல் கான்ஜி, சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்: அன்றாடப் பயன்பாட்டுக்கான அரசுப் பட்டியலில் மட்டும் 2,136. இங்கே தமிழ் இலக்கணம் ஒரு நிமிடத்தைக்கூட மிச்சம் பிடித்துத் தராது.

#8 பேரேடு (கணக்கர், ஊட்டி)
இரண்டு தொழிலையும் ஒரே பையில் போடுகிறீர்கள். மொழிக்கு முன்னால் இதைப் பிரித்துவிடுங்கள்.

தேயிலைக்கு விலையாக டெதர் (டாலர் மதிப்புக் கிரிப்டோ) வாங்கக் கூடாது. ஏற்றுமதிப் பணம் அந்நியச் செலாவணி வணிகத்துக்கு அனுமதி பெற்ற வங்கி வழியாக வரவேண்டும். ஷிப்பிங் பில் போட்டவுடனே ரிசர்வ் வங்கியின் கணினியில் உங்கள் பெயரில் ஒரு பதிவு திறக்கும். வங்கியில் வந்த பணத்தைக் காட்டினால்தான் அது மூடும். வாலட்டில் வந்ததைக் காட்டி மூட முடியாது. ரஷ்ய வாங்குபவர், 'எங்கள் நாட்டில் 2024இல் வெளிநாட்டு வணிகத்துக்குக் கிரிப்டோவைச் சோதனை முறையில் அனுமதித்துவிட்டார்கள்' என்பார். அவர் சொல்வது உண்மைதான். அனுமதி அவர் பக்கம் இருக்கிறது, நம் பக்கம் இல்லை. ரஷ்யாவோடு ரூபாயில் முடிக்க, ரிசர்வ் வங்கியின் 2022 ஜூலை சுற்றறிக்கைப்படி சிறப்பு வாஸ்ட்ரோ கணக்கு (வெளிநாட்டு வங்கி இங்கே வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) வழி இருக்கிறது. உங்கள் வங்கிக் கிளையில் அதைக் கேளுங்கள்.

மொழிபெயர்ப்பு வேலையிலும் இதே சிக்கல். வெளிநாட்டுக் கம்பெனிக்குச் செய்த சேவை 'ஏற்றுமதி' ஆகி ஜிஎஸ்டி பூஜ்ஜியமாக வேண்டுமானால், பணம் அந்நியச் செலாவணியாகவோ ரிசர்வ் வங்கி அனுமதித்த ரூபாயாகவோ வரவேண்டும். டோக்கன் இரண்டிலும் சேராது. பதிவு பெற்றவராக இருந்தால் 18 சதவீதம் உங்கள் தலையில் விழும். வாங்கிய டோக்கனின் அன்றைய மதிப்பு வருமானம். பிறகு விற்று லாபம் வந்தால் அதற்கு 30 சதவீத வரி, மேலே 4 சதவீத செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது. ஒரு காயினில் போன நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கூட ஈடுகட்ட முடியாது. எந்த மொழி படித்தாலும் இன்வாய்ஸில் 'டாலரில், வங்கி வழியாக' என்று ஒரு வரி போடுங்கள்.

#9 வட்டக்கானல்_வழி (கொடைக்கானல்)
பட்டியல்ல ஹீப்ரு இல்லையே! எங்க ஊர்ல இஸ்ரேல் பயணிகளுக்காக சாப்பாட்டுக் கடை போர்டே அதுலதான். 22 எழுத்து, வலமிருந்து இடம், உயிர்க்குறி எழுத மாட்டாங்க. ஹோம்ஸ்டே நடத்த நூறு வாக்கியம், எண்கள், சாப்பாட்டுப் பேர் போதும், இரண்டு மாசம். அதுக்கு மேல படிச்சு கிரிப்டோ கம்பெனிக்கு விண்ணப்பிக்கலாம்னு நினைச்சா வேண்டாம், அங்கத்திய டெக் கம்பெனிகள் வெளிநாட்டாரோட பேசுறது ஆங்கிலத்துலதான்.

தாண்டிக்குடி காப்பிக்கு இத்தாலியன் படிக்கலாமான்னு இங்கேயும் அடிக்கடி கேக்கிறாங்க. இந்தியக் காப்பியை அதிகம் வாங்குறது இத்தாலிதான். ஆனா தோட்டத்துக்காரர் அங்கே நேராப் பேசுறதே இல்லை. கியூரிங் ஒர்க்ஸ் (காப்பிக் கொட்டையைப் பதப்படுத்துற ஆலை), ஏற்றுமதியாளர் வழியாப் போகுது. பேச ஆளில்லாத மொழியைப் படிச்சு என்ன பண்ண?

#10 சோலைக்காடு (கோத்தகிரி)
அப்போ சீனம், ஸ்பானிஷ், ஜெர்மன் போயிடுச்சு. ரஷ்யனா, ஜப்பானியமா? ரஷ்யன் 1,100 மணிதானே, பாதி!

#11 வேற்றுமை_உருபு (மொழி ஆசிரியர், குன்னூர்)
ரஷ்யனின் 33 எழுத்து ஒரு வாரம். ஆறு வேற்றுமை என்று மற்றவர்கள் அலறுவார்கள். எட்டு வேற்றுமை படித்தவருக்கு அது பயமில்லை. இடிப்பது வேறு இடத்தில். பெயருக்கு மூன்று பால், அடைமொழியும் அதற்கேற்ப மாறும். பெரும்பாலான வினைகளுக்கு முடிந்தது, முடியாதது என்று ஜோடி. எண்ணுக்குப் பின்னால் வரும் பெயர்கூட மாறும்: ஒரு 'டோன்னா', இரண்டு முதல் நான்கு வரை 'டோன்னி', ஐந்து முதல் 'டோன்'. பதினொன்று முதல் பதினான்கு வரையும் 'டோன்'தான், இருபத்தொன்றில் திரும்பவும் 'டோன்னா'. தொலைபேசியில் அளவு பேசும்போது முதலில் உடைவது இதுவே. எழுத்தில் பேசுங்கள், எண்ணை இலக்கத்தில் போடுங்கள்.

#12 லாட்_நம்பர் (குன்னூர்)
ரஷ்யாவுக்குப் பொட்டலமாப் போனா லேபிள் ரஷ்யன்ல இருந்தே ஆகணும், ரஷ்யா சேர்ந்த சுங்க ஒன்றியத்தோட 022/2011 ஒழுங்குமுறை. பொட்டலத்துல 'பைகோவி'ன்னு ஒரு சொல் வரும். ரகம், கிரேடுன்னு நினைச்சுடாதீங்க. உதிரித் தேயிலைன்னு அர்த்தம், அவ்வளவுதான். ஆனா மொத்தமா மூட்டையில போற சரக்குக்கு லேபிளை அங்கத்திய பேக்கர் பார்த்துக்குவார், உங்களுக்கு வேலையே இல்லை.

#13 பன்னிரு_சொல் (ஊட்டி)
ரஷ்ய எழுத்து தெரிந்தால் ஒரு லாபம் உண்டு. ரஷ்ய 'அ', 'எ', 'ஒ', 'ஸ்' எழுத்துகள் கண்ணுக்கு ஆங்கில எழுத்துகளைப் போலவே இருக்கும். எக்ஸ்சேஞ்ச் பெயரில் ஒரே ஒரு எழுத்தை இப்படி மாற்றிப் போலித் தளம் வைப்பார்கள். முகவரியை ஒரு வெற்று நோட்பேடில் ஒட்டினாலும் வித்தியாசம் தெரியாது. உலாவி அதை 'எக்ஸ்என்' என்று தொடங்கி இரண்டு இணைப்புக்கோடு போட்டுக் காட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். புக்மார்க் வழியாக மட்டும் போவது எல்லாவற்றையும்விட மேல்.

மொழி படிக்கிறவர்கள் ஆர்வத்தில் செய்யும் இன்னொரு தப்பு, வாலட்டின் 12 அல்லது 24 மீட்புச் சொற்களை அந்த மொழியில் வைத்துக்கொள்வது. பிப்-39 முறையில் ஜப்பானியம், கொரியன், ஸ்பானிஷ், பிரெஞ்சு, இத்தாலியன், செக், போர்ச்சுகீஸ், இரண்டு வகைச் சீனம் எல்லாவற்றுக்கும் 2,048 சொல் கொண்ட பட்டியல் இருக்கிறது, தமிழுக்கு இல்லை. பட்டியல் இருக்கிறது என்பதற்காக எல்லா வாலட்டும் ஏற்காது. பல ஹார்டுவேர் வாலட்டுகள் ஆங்கிலப் பட்டியலை மட்டுமே ஏற்கும். ஜப்பானியத்தில் சொற்களுக்கு நடுவே வரும் இடைவெளிகூடச் சாதாரண இடைவெளி இல்லை, அகலமான தனிக்குறி. அதே சொற்களைத் தமிழில் மொழிபெயர்த்து டைரியில் எழுதிவைப்பது இன்னும் மோசம். 'கப்பல்' என்று எழுதியது எந்த ஆங்கிலச் சொல்லில் இருந்து வந்தது என்று ஐந்து வருடம் கழித்து யார் சொல்வது? ஆங்கிலப் பட்டியலில் முதல் நான்கு எழுத்தே ஒரு சொல்லை அடையாளம் காட்டிவிடும். அப்படியே ஆங்கிலத்தில், பென்சிலால், காகிதத்தில் எழுதுங்கள். நம் மலை ஈரத்துக்கு இங்க் பேனா பரவிவிடும்.

#14 சீகூர்_பள்ளத்தாக்கு
சரி, மாண்டரினை விட்டுட்டேன். கொரியன்? கிம்ச்சி பிரீமியம்னு கொரியாவுல பிட்காயின் விலை அதிகமாமே, மொழி தெரிஞ்சா அங்கே வித்து லாபம் பார்க்கலாம்ல?

#15 பன்னிரு_சொல் (ஊட்டி)
முடியாது. அந்த விலை வித்தியாசம் இருப்பதே வெளியாள் உள்ளே வர முடியாததால்தான். கொரிய எக்ஸ்சேஞ்சில் வோன் போட, எடுக்க, சொந்தப் பெயரில் கொரிய வங்கிக் கணக்கு வேண்டும், மூலதனம் வெளியே போகவும் கட்டுப்பாடு. மொழியால் திறக்கிற பூட்டு இல்லை அது. கொரியன் படிக்க நல்ல காரணம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகள், காயின் அல்ல.

#16 பேரேடு (கணக்கர், ஊட்டி)
இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இந்த இழையைப் படிக்கிற தம்பி தங்கைகளுக்காக. 'கிரிப்டோ கம்பெனி, மொழி தெரிந்தவர் தேவை, டிக்கெட் இலவசம்' என்று டெலிகிராமில் கம்போடியா, லாவோஸ், மியான்மர் வேலை வந்தால், வரும் விசா சுற்றுலா விசாவா என்று பாருங்கள். பாங்காக்கில் இறக்கி மியாவதி பக்கம் தரைவழியே கூட்டிப் போகிறார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிவைத்து மோசடிச் சாட் அடிக்க வைக்கும் முகாம்கள் அங்கே இருக்கின்றன. ஏஜென்டின் பதிவு எண்ணை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள், சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. பணம் ஏற்கெனவே போய்விட்டால் 1930 (சைபர் குற்ற உதவி எண்), அன்றைக்கே.

#17 சோலைக்காடு (கோத்தகிரி)
ஜப்பானியம்னு முடிவு பண்ணிட்டேன். ஆங்கிலப் பேச்சு அரை மணி, இது ஒரு மணி. தொடங்குறது எப்படி?

#18 வேற்றுமை_உருபு (மொழி ஆசிரியர், குன்னூர்)
எல்லாரும் ஹிரகானாவில் தொடங்கச் சொல்வார்கள். உங்களுக்குக் கதகானா முதலில். காரணம், பிறமொழிச் சொல் எல்லாம் அதில்தான் எழுதுவார்கள்: சன்புரு (மாதிரி), கோன்தேனா, பித்தோகோயின், வொரெத்தோ (வாலட்). மூன்று வாரத்தில் தேயிலை, கிரிப்டோ இரண்டின் சொற்களும் கண்ணில் பட ஆரம்பிக்கும். அடுத்த மூன்று வாரம் ஹிரகானா. ஏழாவது வாரம் முதல் நாளுக்கு ஒரு கான்ஜி. வருட முடிவில் முந்நூறு.

நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள் (நான் மேலே எழுதியது இந்த இழைக்காக). ககரம், தகரம் இரண்டிலும் நம் எழுத்து ஒலிப்பு வேறுபாட்டைக் காட்டாது, அவர்கள் எழுத்து காட்டும். 'நீலகிரி' அங்கே நான்கு எழுத்து: நி, ரு, கி, ரி. லகரம் கிடையாது, ரகரமே. மூன்றாவது எழுத்தின் வலது தலையில் இரண்டு சிறு கோடு இருக்கும். அதை விட்டால் 'கிளி'யின் கி ஆகிவிடும். பொட்டலத்தில் இந்தக் கோடு விட்டுப்போனால் கண்ணை உறுத்தும் எழுத்துப்பிழை.

எண்களைத் தனியாக ஒரு வாரம் அடியுங்கள். அவர்களுக்கு அடுக்கு பத்தாயிரம், 'மன்'. பத்து மன் ஒரு லட்சம். நூறு மன் பத்து லட்சம். ஆயிரம் மன் ஒரு கோடி. அதற்கு மேல் 'ஒகு', பத்துக் கோடி. லட்சம், கோடியில் இருந்து நேராக மன்னுக்குப் போங்கள், நடுவில் மில்லியனுக்கு மாற்றினால் ஒரு சுழி தவறும். ஜெர்மன்காரரோடு மெயில் வந்தாலும் இதே கவனம் வேண்டும்: அவர் 4,850 என்று எழுதினால் நாலே முக்காலுக்குச் சற்று மேல், நாலாயிரம் இல்லை. அவருடைய 'பில்லியோன்' நம் லட்சம் கோடி.

ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிறு, சென்னையில் மையம் உண்டு. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடிகாலை போய்விடலாம். கொடைக்காரர்களுக்குக் கொடைரோட்டில் பாண்டியன். ஆனால் அதில் பேச்சுத் தேர்வே கிடையாது. அதில் என்4 நிலை வாங்கியவர் வாய் திறக்காமலும் வாங்கியிருக்கலாம். வாரம் இருமுறை யாருடனாவது இணையத்தில் பேசுங்கள்.

#19 லாட்_நம்பர் (குன்னூர்)
மாதிரி அனுப்பினதும் 'கென்தோ ஷிமசு'ன்னு பதில் வரும். 'பரிசீலிக்கிறோம்'னு அர்த்தம். நம்ம ஊர் 'பாக்கலாம்' மாதிரி, பெரும்பாலும் வேண்டாம்னுதான். 'முசுகஷீ', கஷ்டம்னு வந்தா நிச்சயம் வேண்டாம். மறுபடி மறுபடி மெயில் போட்டு நச்சரிக்காதீங்க. அடுத்த பனிக்காலச் சரக்கோட புது மாதிரி அனுப்புங்க. ஜப்பான்ல பூச்சிமருந்து எச்சத்துக்கு, தனியா வரம்பு சொல்லாத மருந்துன்னா 0.01 பிபிஎம், 2006ல இருந்து. பக்கத்துத் தோட்டத்துல அடிச்சது காத்துல வந்தாலும் கணக்குத்தான்.

#20 சோலைக்காடு (கோத்தகிரி)
ஐம்பது கிராம் பொட்டலத்துக்கு லேபிள் வரைவு போட்டேன்: நிருகிரி கோச்சா, நிகர எடை, இந்தியா, கடைசித் தேதிக்கு 'ஷோஹி கிகென்'. சரியா?

#21 வேற்றுமை_உருபு (மொழி ஆசிரியர், குன்னூர்)
கோச்சா சரி, கருந்தேநீர், கோ நெடில். தேதி தப்பு. 'ஷோஹி கிகென்' சீக்கிரம் கெட்டுப்போகும் பொருளுக்கு, அந்த நாளுக்குப் பிறகு சாப்பிடாதே என்று. தேயிலைக்கு 'ஷோமி கிகென்', அதுவரை சுவை குறையாது என்று. முதல் இரண்டு கான்ஜி மட்டும் வேறு. தேதியை வருடம், மாதம், நாள் வரிசையில் போடுங்கள். இறக்குமதியாளர் பெயர், முகவரிக்கு ஒரு கட்டம் விடுங்கள், 'யுன்யூஷா' என்ற தலைப்பில். அதை அவர் சொன்ன பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.